இருபது துளைச் சல்லடை

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், இந்த ஆண்டு குளிக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். கடலடியில் சிப்பி படிந்து கிடக்கும் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். ஒரு பாரில் லட்சக்கணக்கில் சிப்பி கிடக்கும். அத்தனையையும் திறந்து பார்த்த பிறகுதான் முடிவு என்றால் முடிவெடுக்க எதுவும் மிஞ்சாது. அதனால் சில ஆயிரம் சிப்பிகளை மட்டும் முதலில் எடுத்து வரச் சொல்வார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைச் சலித்து, விலை மதிப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று ஓர் எண் வரும். குளிப்பை அறிவிப்பதா, சிப்பி இன்னும் முற்றட்டும் என்று விடுவதா என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

சலிப்பதற்குப் பித்தளைச் சல்லடைக் கிண்ணங்கள் பத்து இருந்தன. முதல் கிண்ணத்தில் 20 துளைகள். அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. துளைகள் கூடக்கூட ஒவ்வொரு துளையும் சிறுக்கும். 20 துளைக் கிண்ணத்தில் தங்குவது பெருமுத்து. 1000 துளையில் தங்குவது கடுகு போன்றது. அதற்கும் கீழே விழுவது தூள். முத்தின் விலை அதன் பருமனோடு சேர்ந்து மளமளவென்று ஏறும் என்பதால், ஒரு குவியலின் மதிப்பை முதல் சில கிண்ணங்களே பெரும்பாலும் தீர்மானித்துவிடும். தூளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பொழுதுதான் போகும்.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தச் சல்லடைகளுக்கு இன்று வேலை இல்லை. ஆனால் அவற்றுக்குள் இருந்த கணக்கு முறை எனக்கு இந்த அத்தியாயத்துக்கு வேண்டும். ஓர் அலுவலகம் ஒரு மாதத்தில் காற்றில் எவ்வளவு கரியமில வாயு சேர்க்கிறது என்று நாம் மதிப்பிடப் போகிறோம். அந்த வேலையில் பலர் முதலில் கையில் எடுப்பது தூளைத்தான்.

ஊருக்கு ஏற்ற ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் தெருவுக்கு ஒன்றாகக் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் உண்டு. துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குச் சுங்கத் தாக்கல் செய்து, கண்டெய்னரை வெளியே எடுத்து, லாரியில் ஏற்றி அனுப்பும் வேலை. நம் அலுவலகத்தில் 12 பேர். மாதம் 25 நாள் வேலை. மாடியில் இரண்டு அறைகள், இரண்டு ஒன்றரை டன் ஏசி, 8 மின்விசிறி, 12 எல்இடி டியூப்லைட், 10 கம்ப்யூட்டர். இது எந்த ஒரு குறிப்பிட்ட அலுவலகமும் இல்லை. கணக்குக்காக நான் கூட்டிவைத்த மாதிரி. உங்கள் அலுவலகத்தின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட. அதை எரித்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. முக்கால் கிலோ எப்படி இரண்டே கால் கிலோவுக்கு மேல் ஆகும்? பள்ளிக்கூடத்தில் கேட்டபோது எனக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. பதில் எளிது. மிச்ச எடை காற்றிலிருந்து வருகிறது. அந்தப் பெட்ரோலில் கார்பன் மட்டும் சுமார் 640 கிராம். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பன் அணுவின் எடை 12, இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தால் 44. 640-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2,340 கிராம் சொச்சம். டீசலுக்கு இதே வழியில் லிட்டருக்கு 2.7 கிலோ வரும். சமையல் கேஸ் ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோ. இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

மீதிப் பாதி மின்சாரம். துறைமுகத்துக்குப் போகிற வழியில் எவர் கண்ணிலும் படும் புகைபோக்கிகள் தூத்துக்குடி அனல் மின் நிலையத்துடையவை. 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளாக எழுந்தது அது. முதல் அலகு 1979-ல் ஓடத் தொடங்கியது. அதன் அருகிலேயே 500 மெகாவாட் அலகுகள் இரண்டு 2015-ல் வந்தன. ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி பாராதீப்பில் கப்பலேறி, வங்கக் கடலைக் கடந்து, இங்கே இறங்கி, கன்வேயரில் கொதிகலனுக்குப் போகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி தேவைப்படுகிறது. அதிலிருந்து வரும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு கிலோ.

அப்படியானால் நம் அலுவலகத்தின் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று எழுதிவிடலாமா? கூடாது. இதே மாவட்டத்தில் கயத்தாறு பக்கம் போனால் காற்றாலைகள் சுழல்கின்றன. நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-ல் அமைந்தது தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில்தான். ஒவ்வொரு காற்றாலையும் 55 கிலோவாட், இன்றைய கணக்கில் குழந்தை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்மாவட்டக் காற்றாலைகள் கொட்டும் மின்சாரமும், கூடங்குளத்தின் அணு மின்சாரமும், எங்கோ ஓர் அணையின் நீர் மின்சாரமும் ஒரே கம்பித் தொகுப்பில் கலந்துதான் நம் ஸ்விட்சுக்கு வருகின்றன. கலந்த பிறகு இது எந்த ஊர் மின்சாரம் என்று பிரிக்க வழியில்லை. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் நாடு முழுவதற்கும் சராசரி போட்டு வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டி நிற்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

இப்போது சலிக்கலாம். ஒன்றரை டன் ஏசி ஒன்று, கம்ப்ரசர் ஓடியும் நின்றும், சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் எடுக்கும். இரண்டு ஏசி, நாளுக்கு 9 மணி நேரம், 25 நாள்: 450 யூனிட். அதாவது 315 கிலோ கரியமில வாயு. மின்விசிறி பழைய ரகமாக இருந்தால் ஒவ்வொன்றும் 75 வாட். எட்டும் பத்து மணி நேரம் சுற்றினால் மாதம் 150 யூனிட், 105 கிலோ. எல்இடி விளக்குகள் 60 யூனிட். மானிட்டரோடு சேர்த்து 100 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர்கள் பத்தும் 225 யூனிட். பிரிண்டர், வைஃபை, தண்ணீர் சுத்திகரிப்பான், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 935 யூனிட், 655 கிலோ. அதில் கிட்டத்தட்டப் பாதி ஏசியினுடையது.

ஏசி 20 டிகிரியில் இருந்தால் அதை 26-க்கு ஏற்றி, கூடவே மின்விசிறியையும் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தி திறன் செயலகம் சொல்கிறது. ஆறு டிகிரிக்கு 30 சதவீதத்தை ஒட்டி வரும். மாதம் 95 கிலோ. மின்விசிறிகளை 30 வாட்டில் ஓடும் புது ரகத்துக்கு மாற்றினால் இன்னொரு 63 கிலோ குறையும். ரிமோட்டைத் தொடும் ஒரு விரல் இத்தனை செய்கிறது என்பதை எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

ஆனால் ஏசியின் கதை மீட்டரோடு முடியவில்லை. மொட்டை மாடிக்கு வாருங்கள். வெளி யூனிட் கடலைப் பார்த்து நிற்கிறது. அதன் அலுமினியத் தகடுகளை விரலால் தடவினால் பிசுபிசுவென்று உப்பு ஒட்டும். தகடுகளின் ஓரம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருக்கும். செம்புக் குழாய் வளையும் இடத்தில் பச்சை பூத்திருக்கும். உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊரில் எந்த உலோகமும் அதன் ஆயுளை முழுதாக வாழ்வதில்லை. குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுகிறது. ஒரு நாள் அறை குளிரவில்லை. மெக்கானிக் வந்து கேஜை மாட்டிப் பார்க்கிறார். “கேஸ் போயிட்டு சார், அடிக்கணும்” என்கிறார். அடித்துவிட்டுப் போகிறார். அறை மறுபடி குளிர்கிறது.

போன கேஸ் எங்கே போனது? பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ என்ற வாயு, வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு வல்லது. நூறு ஆண்டுக் கணக்கில் விஞ்ஞானிகள் போட்ட எண் அது. பழைய ஏசிகளின் ஆர்-22-க்கு 1,810. புதியவற்றில் வரும் ஆர்-32-க்கு 675. ஒன்றரை டன் ஏசியில் ஒரு கிலோவை ஒட்டிய கேஸ் இருக்கும். ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் அது இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். நம் அலுவலகத்தின் மூன்று மாத மின்சாரம் அப்படியே மொட்டை மாடியில் சத்தமில்லாமல் போய்விட்டது. இரண்டு ஏசியில் ஒன்றுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இப்படி நடக்கிறது என்று வைத்தால், மாதத்துக்குப் பிரித்து 87 கிலோ. ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் அடிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். ஓட்டையைக் கண்டுபிடித்துப் பற்றவைக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு அரை நாள் கூலி கூடினாலும். பெரும்பாலான அலுவலகக் கணக்குகளில் இந்த வரியே இருக்காது, ஏனென்றால் இதற்கு மீட்டர் கிடையாது.

வந்துபோகும் கணக்கு நேரானது. ஏழு பேர் டூவீலர்; தினம் சராசரி 16 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 தருகிறது. மாதம் 62 லிட்டர் சொச்சம், 143 கிலோ. ஒருவர் காரில், தினம் 24 கிலோமீட்டர், லிட்டருக்கு 15. மாதம் 40 லிட்டர், 92 கிலோ. இரண்டு பேர் திருநெல்வேலியிலிருந்து பஸ். போக வர நூறு கிலோமீட்டர். 50 பேர் ஏறும் பஸ் லிட்டர் டீசலுக்கு 5 கிலோமீட்டர் ஓடினால், தலைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 11 கிராம். இருவருக்கும் சேர்த்து மாதம் 55 கிலோ. மிச்சம் இருவர் நடந்து வருகிறார்கள். மொத்தம் 290 சொச்சம். தினமும் இருநூறு கிலோமீட்டரைப் பங்குபோடும் அந்த இரண்டு பஸ் பயணிகளும் சேர்ந்து, 24 கிலோமீட்டர் ஓடும் ஒற்றைக் காரில் முக்கால் பங்குகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டீயை நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன், ஏனென்றால் என் ஊகம் இங்கே தலைகீழாகப் போனது. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கடைப் பையன் தூக்கில் கொண்டுவருகிறான். நாளுக்கு 24 டீ. கேஸ் அடுப்புதான் பெரிய செலவாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு டீக்கு 150 மில்லி திரவத்தை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 45 கிலோஜூல் போதும். பாதி வெப்பம் வீணானாலும் 2 கிராம் கேஸ். கரியமில வாயு வெறும் 6 கிராம். பால்தான் பெரியது. மாடு அசைபோடும்போது அதன் வயிற்றில் உண்டாகும் மீத்தேன், தீவனம், சாணம் எல்லாம் சேர்த்து, ஒரு லிட்டர் பாலுக்கு 1 முதல் 3 கிலோ வரை ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுகிறது. 2 என்று வைத்தால், டீக்கு 60 மில்லி பாலில் 120 கிராம். அடுப்பைப் போல இருபது மடங்கு! இலையும் சர்க்கரையும் சேர்த்து ஒரு டீக்கு 130 கிராம் என்று போடுகிறேன். மாதம் 600 டீ, 78 கிலோ. பால் விடாத டீ குடிப்பவர் இந்த வரியிலிருந்தே ஏறத்தாழ மறைந்துவிடுகிறார்.

காகிதம்: 75 கிராம் ரக ஏ4 தாள் 500 கொண்ட கட்டு 2.3 கிலோ எடை. மாதம் 15 கட்டு, 35 கிலோ. கிலோவுக்கு 1 முதல் 2 கிலோ கரியமில வாயு. நடுவாக வைத்தால் 50. சுங்கத் தாக்கலுக்கான துணை ஆவணங்களை இணையத்தில் ஏற்றும் இ-சஞ்சித் முறை 2018-ல் நாடெங்கும் வந்த பிறகு இந்த எண் குறைந்திருக்க வேண்டும். கோப்பில் வைக்க ஒரு பிரதி இருக்கட்டுமே என்ற பழக்கம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது.

மின்னஞ்சலுக்கு வருவோம். கார்பன் தடம் என்றதும் இன்று பத்திரிகைகளில் முதலில் வருவது இதுதான். பிரிட்டனைச் சேர்ந்த மைக் பெர்னர்ஸ்-லீ 2010-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு மின்னஞ்சலுக்குச் சராசரி 4 கிராம் என்று மதிப்பிட்டார். பின்னர் அவரே அதைத் திருத்தினார். அந்த 4 கிராமை அப்படியே எடுத்தால் நம் அலுவலகத்தின் 15,000 மின்னஞ்சலுக்கு மாதம் 60 கிலோ வரும். ஆனால் அதில் பெரும்பங்கு, எழுதுகிற வாசிக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் ஓடும் மின்சாரம். அதை மேலே 225 யூனிட்டில் ஏற்கெனவே எண்ணிவிட்டோம். மறுபடி எண்ணினால் ஒரே சிப்பியை இரண்டு முறை விலைபேசியது போலாகும். கம்ப்யூட்டரைக் கழித்தால் மிஞ்சுவது ஆயிரம் துளைக் கிண்ணத்துக்கும் கீழே விழும் தூள். 2019-ல் பிரிட்டனில், ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு நன்றி மின்னஞ்சலைக் குறைத்தால் ஆண்டுக்கு 16,433 டன் மிச்சம் என்ற செய்தி பரவியது. அந்த நாட்டின் மொத்த வெளியீட்டில் அது லட்சத்தில் நாலு பங்குக்கும் குறைவு. எனக்கு அதைவிட உறுத்துவது அந்தக் கடைசி 33. முதல் இலக்கமே ஊகமாக இருக்கும் கணக்கில் கடைசி இரண்டு இலக்கங்களை அச்சிடுவது வாசகரை ஏமாற்றுகிறது. நன்றி சொல்ல வேண்டியவருக்குச் சொல்லிவிடுங்கள்.

கூட்டிப் பார்த்தால் மின்சாரம் 655, கசிவு 87, வந்துபோவது 290, டீ 78, காகிதம் 50: மாதம் 1,160 கிலோ. ஆண்டுக்கு 14 டன். தலைக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல். இந்தியர் ஒருவரின் ஆண்டுச் சராசரி இரண்டு டன்னை ஒட்டியது. ஆகவே இந்த 12 பேரும் வேலைக்கு வருவதால் மட்டுமே அதில் பாதிக்கு மேல் சேர்த்துவிடுகிறார்கள். நான் பால் எண்ணில் தவறியிருக்கலாம், கசிவில் இரட்டிப்பாகத் தவறியிருக்கலாம். 14 என்பது 11 ஆகலாம், 18 ஆகலாம். 140 ஆகாது. சில ஆயிரம் சிப்பியை வைத்துப் பாரின் விலை சொன்னவர்களும் இந்த அளவு உறுதியோடுதான் சொன்னார்கள். அந்த உறுதி போதுமானதாக இருந்தது.

அந்த 14 டன் எங்கே போகிறது? மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் கரைத்துக்கொள்கிறது. தண்ணீரோடு சேர்ந்து அது கார்பானிக் அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். இப்போது 8.1-க்கு அருகில். சின்ன எண்தான், ஆனால் பி.எச். மடக்கை அளவு என்பதால் அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்று பொருள். சிப்பியும் சங்கும் பவளமும் ஓடு கட்ட எடுக்கும் கார்பனேட் இதனால் குறைகிறது. முத்தும் அதே கால்சியம் கார்பனேட்டின் அடுக்குகள்தான். 1961-க்குப் பிறகு முத்துப் பார்கள் வறண்டதற்கு இதைக் காரணம் சொல்வது தவறு. அந்தச் சரிவு இதற்கு முந்தியது, அதன் காரணங்கள் வேறு. ஆனால் கடல் சூடேறியதால் மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கூட்டமாக வெளிறின. அது இதே வாயுவின் வேலை. 21 தீவுகளோடு 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல் அது. நம் அலுவலக மாடியிலிருந்து தெரியும் கடலும் அதுதான்.

கடைசிச் சல்லடையை இனிமேல்தான் எடுக்க வேண்டும். 2001-ல் வெளிவந்த உலகளாவிய கணக்கு விதிகள் வெளியீட்டை மூன்றாகப் பிரிக்கின்றன. தானே எரித்ததும் கசியவிட்டதும் ஒன்று, வாங்கிய மின்சாரம் இரண்டு, தன் தொழிலுக்காக மற்றவர் எரித்தது மூன்று. மூன்றாவதில் நாம் ஊழியர் வந்துபோவதையும் டீயையும் காகிதத்தையும்தான் பார்த்தோம். இந்த அலுவலகத்தின் தொழிலே லாரி அனுப்புவது. துறைமுகத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். சரக்கு ஏற்றிய கண்டெய்னர் லாரி லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் தந்தால் 43 லிட்டர், 116 கிலோ கரியமில வாயு. காலியாகத் திரும்பும்போது லிட்டருக்கு 5 தந்தால் 30 லிட்டர், 81 கிலோ. ஒரு நடைக்கு 197 கிலோ. ஆறு நடை போனால் ஏசி, கசிவு, கார், பைக், பால், காகிதம் அத்தனையும் சேர்ந்த ஒரு மாதக் கணக்கைத் தாண்டிவிடுகிறது. இந்த அலுவலகத்துக்கு ஆறு நடை ஒரு நாள் வேலை.

இருபது துளைக் கிண்ணத்தில் கிடந்த முத்து இதுதான். நாம் தூளில் தொடங்கியிருந்தால் இங்கே வந்து சேர்ந்தே இருக்க மாட்டோம்.

காலியாகத் திரும்பும் அந்த 81 கிலோவைப் பாருங்கள். மதுரையில் இறக்கிய அதே கண்டெய்னரில் அங்கிருந்து ஏற்றுமதிச் சரக்கை ஏற்றி வரலாம். அதற்குக் கண்டெய்னருக்கு உரிய கப்பல் கம்பெனி சம்மதிக்க வேண்டும், பெட்டி சுத்தமாக, சேதமில்லாமல் இருக்க வேண்டும், இரண்டு தரப்புக்கும் நாளும் நேரமும் பொருந்த வேண்டும். பொருந்தினால், இரண்டு லாரி தனித்தனியே போய்வந்து 394 கிலோ ஆகும் இடத்தில், ஒரே லாரி இரு வழியும் சரக்கோடு ஓடி 232-ல் முடியும். மிச்சம் 162 கிலோ. ஏழு டூவீலர்களும் ஒரு மாதம் முழுக்க ஓடியதைவிட அதிகம். பொருத்திப் பார்க்கிற வேலை, மாலை டீயை மேசையில் வைத்துவிட்டு, ஒரு காதில் போனும் கையில் நாளைய வண்டிப் பட்டியலுமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் இருக்கிறது.

“நாளைக்கு மதுரைக்குப் போற வண்டி எம்டியாவா திரும்புது அண்ணாச்சி? அங்கன லோடு ஒண்ணு இருக்கு. கப்பல் ஆபீஸ்ல நான் கேட்டுட்டுச் சொல்லுதேன்.”